ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குக் கம்ப்யூட்டர் ஒன்றும் வெளியூர்ச் சரக்கு இல்லை. 2007-இல் டெல் நிறுவனம் சுங்குவார்சத்திரம் அருகே தொழிற்சாலை திறந்தது. 2021-இல் ஹெச்பி தன் மடிக்கணினிகளை ஸ்ரீபெரும்புதூர் ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாரிக்க ஆரம்பித்தது. பிறந்த வீடு என்றே சொல்லிவிடலாம். பிறந்த வீட்டில் அதற்கு என்ன மரியாதை என்று தெரிந்துகொள்ள, ஒரகடத்திலோ வல்லத்திலோ கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் ஏதாவது ஒரு வெண்டார் ஷெட்டின் டெஸ்பாட்ச் மேஜையைப் பார்த்தால் போதும். கேட்டில் வண்டி நிற்கிறது, டிரைவர் இ-வே பில்லுக்குக் காத்திருக்கிறார், மவுஸ் அம்பு திரையின் நடுவே அசையாமல் நிற்கிறது. உடனே பரிகாரங்கள் ஆரம்பமாகும். முதலில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்கள். கேட்காவிட்டால் பின்பக்க வயர்களை எல்லாம் ஒருமுறை அமுக்குவார்கள். பிறகு கேபினட்டின் விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் வைரஸ் என்று முடிவுகட்டி ஃபுல் ஸ்கேன். எல்லாம் தோற்றபின், சிஸ்டம் பார்க்கும் தம்பி வந்து இறுதித் தீர்ப்பை வாசிப்பார்: “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்.” இந்த வரிசை தலைகீழானது என்பதுதான் என் வாதம். கம்ப்யூட்டர் அடிக்கடி தொங்குகிறது, காரணம் ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம் என்று லேசாகச் சந்தேகம் வந்தாலே, முதல் வேலை நகல் எடுப்பது. காரணம் தேடுவதை அதற்குப் பிறகு நிதானமாக, டீ குடித்துக்கொண்டுகூடச் செய்யலாம்.

ரீஸ்டார்ட்டைக் கேலி செய்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதற்கு அறிவியல் ஆதரவே உண்டு. டேண்டம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே, கம்ப்யூட்டர்கள் ஏன் நின்றுபோகின்றன என்று 1985-இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். நன்கு சோதித்து வெளிவந்த மென்பொருளில் மிஞ்சியிருக்கும் பிழைகளில் பெரும்பாலானவை தற்காலிகமானவை, மறுபடி தொடங்கினால் மறைந்துவிடும் என்பது அதன் சாரம். ஆகவே ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் ஒவ்வொரு சூப்பர்வைசரும் தம்மையறியாமல் ஜிம் கிரேயின் சீடர்தான். ஆனால் அவர் சொன்னது மென்பொருளைப் பற்றி. தேய்ந்துபோன இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. பேரிங் போன லேத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிச் சரிசெய்ய முடியும் என்று இந்த வட்டாரத்தில் எந்த ஃபிட்டரும் நம்பமாட்டார். அதே ஃபிட்டர்தான் டிஸ்க் விஷயத்தில் நம்புகிறார்.

டிஸ்க்கும் ஒரு சுழலும் யந்திரம் என்பதையே நாம் மறந்துவிடுகிறோம். மேஜைக் கம்ப்யூட்டரில் இருக்கும் சாதாரண ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால், தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 125 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டை ஒட்டிய போக்குவரத்தில் எந்த வண்டியும் கனவிலும் காணாத வேகம். அதன்மேல், தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், படிக்கும் முனை தொடாமல் மிதந்துகொண்டிருக்கிறது. கேபினட்டின் விலாவில் தட்டுகிறவர் தட்டுவது இதன்மேல்தான். தட்டில் ஓர் இடம் பலவீனமானால் டிஸ்க் உடனே புகார் சொல்லாது. மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். படிக்க முடிந்தால் சத்தமில்லாமல் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, தன்னிடமுள்ள உபரி இடத்தில் எழுதிக்கொள்ளும். படிக்க முடியாவிட்டால் அங்கேயே மல்லாடிக்கொண்டிருக்கும். டிஸ்க் பதில் சொல்லும்வரை விண்டோஸ் காத்திருக்கும். விண்டோஸ் காத்திருக்கும்வரை நாம் காத்திருப்போம். நம்மால் டிரைவர் காத்திருப்பார். இதற்குத்தான் ‘ஹேங்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இப்போது பரிகாரப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஃபுல் ஸ்கேன் என்பது டிஸ்க்கிலுள்ள கோப்புகளை ஒன்றுவிடாமல் படிக்கச் சொல்வது. மூச்சுத் திணறும் டிஸ்க்கை ஓடவிட்டுப் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. செக்டிஸ்க்கை ‘ரிப்பேர்’ போட்டு ஓட்டினால் அது இன்னும் ஒரு படி மேலே போய், தடுமாறும் தட்டின்மேலேயே திருத்தி எழுதவும் ஆரம்பிக்கும். ஃபார்மட் விஷயம்தான் ரசமானது. குயிக் ஃபார்மட் தட்டு முழுவதையும் தொடுவதே இல்லை. கோப்புகளின் அட்டவணையை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, எல்லாம் சுத்தம் என்று அறிவித்துவிடும். புது விண்டோஸ் டிஸ்க்கின் வேறு பகுதியில் போய் உட்காரும், கம்ப்யூட்டர் சிட்டாகப் பறக்கும், சிஸ்டம் தம்பிக்குக் கைகுலுக்கலும் காசும் கிடைக்கும். கொஞ்ச நாளில் எழுத்து பழைய பலவீனமான இடத்தை எட்டும். அம்பு மறுபடி நிற்கும். இந்த முறை இன்னொரு வித்தியாசம், பழைய ஃபைல்களும் கிடையாது. தம்பியைக் குறை சொல்லவில்லை. “டேட்டா வேணுமா சார்?” என்று அவர் கேட்டிருப்பார். வண்டி நிற்கும் பதற்றத்தில் “மொதல்ல ஓடவைப்பா” என்று சொன்னது யார்?

எல்லாத் தொங்கலுக்கும் டிஸ்க்கே காரணம் என்று நான் சொல்லவில்லை. ராம் தளர்ந்திருக்கலாம், எஸ்எம்பிஎஸ் பலவீனமாகியிருக்கலாம், பிரஸ் ஷாப் தூசி ஃபேனில் கம்பளி நெய்திருக்கலாம். பிரித்தறிய வழியும் உண்டு. டிஸ்க்கே குற்றவாளி என்றால், ஈவென்ட் வியூவரில் டிஸ்க் பெயரில் 7 என்ற எண்ணோடு ‘பேட் பிளாக்’ என்று சிவப்பில் எழுதியிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கும். அப்படியானால் மஞ்சள் வரும்வரை பொறுத்திருந்து பிறகு நகல் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூகுள் ஆய்வாளர்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் அறிக்கை வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாக 39 மடங்கு அதிக வாய்ப்பு உண்டு என்று அதில் இருக்கிறது. ஆகவே மஞ்சளை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே அறிக்கையில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின என்றும் இருக்கிறது. மஞ்சள் வந்தால் நம்பலாம். மஞ்சள் வராததை நம்ப முடியாது. ஏசி அறையில் வைத்திருக்கிறோமே என்று ஆறுதல் தேடுபவர்களுக்கும் அந்த அறிக்கை கைகொடுக்கவில்லை. சாதாரண அளவில், சூட்டுக்கும் சாவுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு காணோம் என்கிறது.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் எந்த ஊருக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லையோ, அது இந்த ஊர்தான். இங்கே கம்ப்ரஸருக்குப் பராமரிப்பு அட்டவணை உண்டு, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு உண்டு, தீயணைப்பான் கழுத்தில் அடுத்த தேதி எழுதிய அட்டை உண்டு. ஒரு போல்ட் குறைந்தால் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு, மூலகாரணம் எழுதி, ஆடிட்டுக்கு ஃபைல் பண்ணுவார்கள். கம்ப்யூட்டர் தொங்கினால் மட்டும் ஒரு ‘ஏன்’கூடக் கிடையாது. இதில் நமக்குத் துணையும் இருக்கிறது என்பது ஒரு நிம்மதி. ஐந்து ‘ஏன்’களை உலகத்துக்குத் தந்த டொயோட்டாவே, 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானிலுள்ள தன் 14 அசெம்பிளி ஆலைகளையும் நிறுத்த வேண்டிவந்தது. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பு வேலையில் சர்வர் டிஸ்க்கில் இடம் போதாமல் போனதுதான் காரணம். மாற்று ஏற்பாடாக இருந்ததும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் சேர்ந்து படுத்தது. சரியான நேரத்தில் சரியான பாகம் என்று உலகத்துக்குப் பாடம் எடுத்த கம்பெனிக்கு, சரியான நேரத்தில் கொஞ்சம் காலி டிஸ்க் கிடைக்கவில்லை.

அந்த “அதே அமைப்பில்” என்பதில்தான் மற்ற ஆட்சேபணைகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது. “நாங்கள் ரெய்டு போட்டிருக்கிறோம்” என்பார்கள். இரண்டு டிஸ்க்கில் ஒன்று செத்தால் ரெய்டு காப்பாற்றும். மார்ச் மாத ஸ்டாக் ஃபைலை யாரோ அழித்தால், அதே நொடியில் இரண்டிலும் அழித்துத் தன் விசுவாசத்தைக் காட்டும். “டிரைவில் சிங்க் ஆகிறது” என்பவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். கெட்டுப்போன ஃபைலும் சிங்க் ஆகும். “எஸ்எஸ்டி மாற்றிவிட்டோம், அதில் சுற்றுவதே எதுவும் இல்லை” என்பார்கள். உண்மை. வேகமும் உண்டு, தட்டினாலும் கவலையில்லை. ஆனால் பழைய டிஸ்க் சாகும் முன் டிக் டிக் என்று முனகவாவது செய்யும். எஸ்எஸ்டி பல சமயம் நேற்றிரவு நன்றாக இருந்துவிட்டு இன்று காலை ஷிஃப்டுக்கு வராது. ‘டி டிரைவில் காப்பி வைத்திருக்கிறோம்’ என்போரிடம் மட்டும் வாதாட எனக்குத் தெம்பில்லை. சி, டி எல்லாம் பெரும்பாலும் ஒரே டிஸ்க்குதான்.

நகல் எத்தனை, எங்கே என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய ஒரு விதி உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வெளியூரில். இதைக் கேட்டு ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் வியப்பது எனக்கு வியப்பு. 1017-இல் அங்கே பிறந்த ராமானுஜருக்கு, அவர் ஊரில் தானுகந்த திருமேனி, ஸ்ரீரங்கத்தில் தானான திருமேனி, கர்நாடகத்து மேலுக்கோட்டையில் தமருகந்த திருமேனி என்று மூன்று திருமேனிகளைச் சொல்வது வைணவ மரபு. எண்ணிக்கையும் சரி, வெளியூர்ப் பிரதியும் சரி. பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அந்த ஏற்பாட்டின் நோக்கம் வேறு. ஆனாலும் வெளியூர்ப் பிரதி ஆடம்பரம் இல்லை என்பதற்கு 2015 டிசம்பர் பெருமழை சாட்சி. அந்த மழையில் ஹூண்டாய், ரெனோ-நிஸான், ராயல் என்ஃபீல்டு எனப் பெரிய ஆலைகளே உற்பத்தியை நிறுத்தின. தரைத்தளத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழேயும் பேக்கப் டிஸ்க் அதே மேஜையின் கீழ் டிராயரிலும் இருந்தால், வெள்ளம் இரண்டுக்கும் தனித்தனியாக வரவேண்டிய அவசியமில்லை.

கடைசி ஆட்சேபணை காசும் நேரமும். ஒரு டெராபைட் வெளி டிஸ்க்கின் விலை, ஒரு லோடு திரும்பி வந்தால் ஆகும் செலவுக்குமுன் கணக்கிலேயே வராது. டிஸ்க் முழுக்கப் படுத்தபின் ரெக்கவரி லேப் சொல்லும் தொகையோ, சென்னை ரிச்சி தெருவில் புது டிஸ்க்குகள் பலவற்றை அள்ளிக்கொண்டு வரும் அளவுக்கு இருக்கும். நேரம் இல்லை என்பதையும் ஏற்க முடியாது. ஆயுத பூஜைக்கு இந்த வட்டாரம் முழுக்க யந்திரங்கள் நிற்கின்றன. அன்று டெஸ்பாட்ச் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், கீபோர்டின்மேல் ஒரு முழம் சாமந்தி. வருஷத்தில் அதற்கு நடக்கும் ஒரே பராமரிப்பும் அதுதான். வருஷத்துக்கு ஒருமுறை நகல் எடுத்தால் போதும் என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்த நகல் திறக்கிறதா என்று சோதிக்க அது நல்ல நாள். வெளி டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, போன மாத இன்வாய்ஸ் ஒன்றைத் திறந்து, டோட்டல் சரியாக வருகிறதா என்று பார்க்கலாம். பொட்டு வைப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், யுஎஸ்பி துளையில் சந்தனம் போகாமல்.