கூட வந்தவர்

நியூசிலாந்தில் மாட்டமாட்டா ஊருக்குப் பக்கத்தில், ஒரு ஆட்டுப் பண்ணையில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படம் எடுத்த ஹாபிட்டன் செட்டுக்குள் போகும் ஒவ்வொரு பேருந்திலும் இவர் மாதிரி ஒருத்தராவது இருப்பார். படம் பார்க்காதவர். மனைவிக்காக வந்தவர், பையைச் சுமப்பவர். எந்த நாட்டுக்காரரானாலும் கேள்விகள் ஒன்றுதான்.

"பண்ணை 1,250 ஏக்கராமே! வேலிக்கே சொத்து கரைஞ்சிருக்குமே?"

1998இல் இடம் தேடி வந்த படக்குழு ஆள் கதவைத் தட்டியபோது, பண்ணைக்காரர் டிவியில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தாராம். "பாவம், மேட்ச் போச்சே" என்று இவர் மட்டும் வருத்தப்படுவார். மறு வருஷம் ராணுவமே வந்து பண்ணைக்குள் சாலை போட்டது என்றதும் நிமிர்ந்து உட்காருவார். எங்கள் தெருவுக்கும் ஒரு படம் எடுக்க வரக் கூடாதா என்ற ஏக்கம் முகத்தில் தெரியும்.

ஹாபிட் என்ற குள்ள மனிதர்களின் வீட்டு வட்டக் கதவுகளின் முன்னால் ரசிகர்கள் கண்கலங்கி நிற்க, இவர் ஒரு கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். உள்ளே ஒன்றுமில்லை. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை எடுத்தது வெலிங்டன் ஸ்டுடியோவில். "வாசலை வெச்சாங்க, வீட்டைக் கட்டலையா?" "பேசாம வாங்க!" என்பார் மனைவி. 2023 கடைசியில் திறந்த ஹாபிட் வீட்டுக்குள்ளேயும் போகலாம், அங்கே போனால் அடுப்புப் புகை எந்த வழியாக வெளியேறும் என்று ஆராய்வார். பில்போ என்ற ஹாபிட்டின் வீட்டுக்கு மேலே நிற்கும் ஓக் மரம் அசலில்லை, இலைகூடச் செயற்கை என்று வழிகாட்டி சொன்னால், அன்றைக்கு முதல்முறையாக மனம் நிறைந்து பாராட்டுவார்: "பெருக்குற வேலை மிச்சம்!"

ஆனால் ஆடு விஷயத்தைத்தான் இவரால் ஜீரணிக்க முடியாது. பண்ணை நிறைய ஆடு மேய, அவற்றின் முகவெட்டு கதைக்குப் பொருந்தாது என்று கறுப்பு முகச் சஃபோக் ஆடுகளை வெளியிலிருந்து கொண்டுவந்து நடிக்க வைத்தார்களாம். சொந்த மண்ணில் பிறந்த ஆட்டுக்கு வாய்ப்பில்லையா? கிரீன் டிராகன் விடுதியில் டிக்கெட்டோடு தரும் பானத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து மேஜையில் இருக்கும் இன்னொரு 'கூட வந்தவரிடம்' இதைச் சொல்லிப் பொருமுவார். அவரும் படம் பார்த்திருக்க மாட்டார். ஆகவே பேச்சு சுவாரசியமாகப் போகும்.

அன்று ராத்திரி ஹோட்டலில், "அந்தப் படத்தைப் போடு" என்று இவரே கேட்பார். மனைவிக்குக் கண்ணில் நீர் திரளும். இவர் திரைக்கு ஒரு அடி தள்ளி உட்கார்ந்து ஆடு தேடுவார். கதாநாயகன் ஃப்ரோடோ ஊரை விட்டுக் கிளம்புவான்.

"பண்ணை முடிஞ்சிடுச்சா? சரி, விளக்கை அணை."