மண்மேட்டுக்கு உரிமம் உண்டா?

பழைய ரைஃபிளை வாங்கித் துரு சுரண்டி, கட்டைக்கு எண்ணெய் பூசி, குதிரையைச் சரிசெய்து, தடவித் தடவி அழகு பார்ப்பது அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர்ப் பக்கம் யாருக்காவது அந்த ஆசை வந்தால், அரத்தைத் தொடுமுன் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் புரட்டிவிடுங்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்த்தாலே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, போனால் ஆயுள்.

வசதியானவர் உரிமத்தோடு 2 துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம். வரவேற்பறையில் மாட்டினால் குடும்பப் பெருமை. குருவி சுடுகிற ஏழை, பாட்டன் விட்டுப்போன நாட்டுத் துப்பாக்கியைக் கூரையில் செருகியிருந்தால்? அதையும் கைப்பிடி பால்ரஸ் குண்டையும் மேசைமேல் பரப்பி, பின்னால் காவலர்கள் நெஞ்சு நிமிர்த்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். மாவட்டமே தப்பித்த மாதிரி மறுநாள் பேப்பரில் வரும்.

சட்டம் கறாராக இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் இதே குளத்தூர் வட்டத்து நார்த்தாமலையில், 2021 டிசம்பர் 30 அன்று, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்த குண்டு எந்தக் கூரையிலிருந்தும் வரவில்லை. பசுமலைப்பட்டி சுடுதளத்தில் அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையும் மாநிலப் போலீஸும் குறிபார்த்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத் துப்பாக்கி, அரசாங்கத் தோட்டா, அரசாங்கச் சம்பளம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை, குண்டு போய்ச் சேர்ந்த இடத்தைத் தவிர.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை செய்தும் 2022 ஜனவரி 3 அன்று பையன் இறந்தான். அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. கணக்கு முடிந்ததாம்!

பயிற்சியில் குறி தவறுவது சகஜம் என்பார்கள். தவறும் என்று தெரிந்துதானே இலக்குக்குப் பின்னால் மண்மேடு எழுப்பச் சொல்கிறார்கள்? ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும் என்பது முதல் நாள் பாடம். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை துரு சுரண்டுகிறவனுக்குக்கூட அது தெரியும். சீருடைக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர ஒரு பள்ளிப் பிள்ளை சாக வேண்டியிருந்தது.

கலெக்டர் ஐயாமார்களே, நாட்டுத் துப்பாக்கி தேடி அனுப்புகிற ஜீப்பை, ஊரை ஒட்டிய சுடுதளங்களுக்கும் ஒருமுறை அனுப்புங்கள். மண்மேட்டை அளக்க டேப் ஒன்று போதும். அதற்கு உரிமம்கூடத் தேவையில்லை.