மருமகன் வேன் கட்டிப் போறாரு

வாரும் மருமகனே, உக்காரும். நியூசிலாந்து போறீராமே. அதுலயும் தெற்குத் தீவு, அதுலயும் மேற்குக் கடற்கரை, அதுலயும் ஓட்டல்ல தங்காம கேம்பர்வேன்ல. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கவனுக்கெல்லாம் உம்ம வண்டியோட நீளம் அகலம் அத்துபடி. எங்கிட்டத்தான் கடைசியா வந்து சொல்றீரு. சரி, தாய்மாமனுக்குக் கடைசிப் பந்திதானே வழக்கம்.

"சுதந்திரம் மாமா! நெனச்ச எடத்துல நிறுத்தலாம், நெனச்ச நேரம் கிளம்பலாம்"னு சொல்லிக்கிட்டுத் திரியிறீராம். கேக்க நல்லாத்தான் இருக்கு. எம் மக கிறைஸ்ட்சர்ச்சுல இருக்காளே, அவ வீட்டுக்குப் போயிருந்தப்ப என்னையும் உம்ம அத்தையையும் அப்படி ஒரு வேன்லதான் ஏத்திக் கூட்டிட்டுப் போனாக. பின் சீட்டுல உக்காந்து அந்தச் சுதந்திரத்த அடி முதல் நுனி வரைக்கும் பாத்தவன் நான். அது எங்க இருக்குன்னு சொல்லட்டா? கக்கூசுக்கு அடியில இருக்கு.

வண்டிக்கு வெளிப்பக்கம் சின்னதா ஒரு கதவு இருக்கும். தெறந்தா கைப்பிடி வச்ச பிளாஸ்டிக் பெட்டி. கேசட்டும்பாக, பாட்டுக் கேக்குற கேசட் இல்ல. இருவது லிட்டர் சுமாருக்குப் புடிக்கும். உள்ள நீலக் கலர்ல மருந்து ஊத்தியிருக்கும். நீரு, உம்ம பொஞ்சாதி, ரெண்டு பிள்ளைக. ஒண்ணு ரெண்டு நாள்ல செவப்பு லைட்டு எரிஞ்சிரும். எரிஞ்சதும், வீட்டுல ஒரு தண்ணிக்கொடத்தத் தூக்கியறியாத உம்ம கை அதத் தூக்கும். டம்ப் ஸ்டேஷன்னு ஊருக்கு ஊரு ஒரு எடம் இருக்கு. அங்க வரிசையில நின்னு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, மெதுவாச் சாய்க்கணும். சாய்க்கையில பெட்டி மேல ஒரு பொத்தான் இருக்கும், கட்டைவிரலால அத அமுக்கிக்கிட்டே ஊத்தும். அமுக்காம ஊத்தினா காத்துப் போக வழியில்லாம குபுக் குபுக்குன்னு சட்டையில தெறிக்கும். மத்த புத்திமதியெல்லாம் மறந்தாலும் இந்தப் பொத்தான மறந்துராதேயும்.

நெனச்ச எடத்துல நிறுத்துற கதையும் இப்ப செல்லாது. 2023ல சட்டம் கொண்டாந்துட்டாக. கவுன்சில் எடத்துல ஓசியில ராத் தங்கணும்னா பெரும்பாலும் வண்டிக்குள்ள கழட்ட முடியாதபடி பொருத்தின கக்கூசு இருக்கணும், அதுக்குச் சான்று இருக்கணும். அப்பவும் எங்க தங்கலாம், எத்தன வண்டி, எத்தன ராத்திரின்னு போர்டு நட்டு வச்சிருப்பாக. அதப் படிக்காமத் தூங்கினா காலையில கண்ணாடியில அபராதச் சீட்டு. நம்ம ஊருல பஞ்சாயத்து போர்டையே படிக்காத மனுசன் நீரு. அங்க ஒரு வரி விடாமப் படிப்பீரு, பாரும்.

சமையலும் சொந்தச் சமையல்தானாம், சந்தோசம். ரெண்டு பர்னர் அடுப்பு. அதுக்கு நேர் மேல பொகை அலாரம். கடுகு வெடிக்கிறதுக்கு முன்னாடி அது வெடிக்கும். தாளிச்ச வாசம் மெத்தையில ஏறி, போர்வையில ஏறி, வண்டியத் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் கூடவே வரும். சாப்புட்ட மேசையத்தான் ராத்திரி எறக்கி, பலகை மாட்டி, மெத்தை போட்டுக் கட்டிலாக்கணும். விடிஞ்சா மறுபடி மேசை. ஒருத்தர் குனிஞ்சா ஒருத்தர் நிமிரணும். கல்யாணமாகி இத்தன வருசத்துல வராத சண்டையெல்லாம் அந்தப் பலகையிலதான் வரும்.

பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டுறீராம்ல? கட்டும். ஆனா விமானத்துல எறங்கினதும் அட்டையில ஒண்ணுவிடாம எழுதிக் காட்டிரும். எழுதாம ஒளிச்சா 400 டாலர், நின்ன எடத்துலயே. எழுதிட்டா, வேண்டாம்னா எடுத்து வச்சுக்கிடுவாக, அவ்வளவுதான். "பையில ஒரு ஆப்பிள்தான், அதப் போயி"ன்னு தர்க்கம் பண்ணாதேயும். அந்த ஆப்பிளத்தான் அவுக மொதல்ல தேடுவாக.

சரி, உம்ம திட்டத்தக் காட்டும். ஏயப்பா, கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு, கலர் அடிச்சுல்ல வச்சிருக்கீரு! பிக்டன்ல கப்பல விட்டு எறங்கி, வெஸ்ட்போர்ட், புனகைகி, கிரேமவுத், ஹோகிட்டிகா, பனியாறு ரெண்டு, ஹாஸ்ட், குயின்ஸ்டவுன். மூணே நாளு. நல்லவேளை, ஊட முடிஞ்சா ஆஸ்திரேலியான்னு எழுதாம விட்டீரு.

புனகைகிக்கு என்ன போட்டிருக்கீரு? "20 நிமிசம், போட்டோ." அந்தப் பான்கேக் பாறை, சுண்ணாம்புக்கல்லு ஏடு ஏடா அடுக்கி, 3 கோடி வருசத்துச் சமாச்சாரம். அதுக்கு 20 நிமிசம் ஒதுக்கின உம்ம தாராள மனசு யாருக்கு வரும்? அதுவும் நீரு போற நேரம் கடல் வத்தின நேரமா இருந்தா வெறும் பாறையப் பாத்துட்டு வரலாம். கடல் ஏறி, தென்மேற்குலருந்து அலை தள்ளுற நேரமாப் பாத்துப் போகணும். அப்பத்தான் பாறைக்கு அடியில தண்ணி புகுந்து, எங்கயோ இருக்க ஓட்டை வழியா புஸ்ஸுன்னு மேல பீச்சும். காலுக்குக் கீழ தரை அதிரும். உம்ம அத்தை தாலியப் பிடிச்சுக்கிட்டா. கட்டத்துல ஒரு வரி சேத்துக்கிடும்: கடல் ஏறுற நேரம் என்னன்னு. மத்த கட்டத்தையெல்லாம் அதுக்குத் தக்கன தள்ளும்.

கூகிள் சொல்ற நேரம் காருக்கு, ஓய். நீரு ஓட்டப்போறது வீட்ட. மூன்றரை டன்னுக்கு மேல போனா நெடுஞ்சாலையிலயே 90 கிலோமீட்டர்தான் உச்சம், அந்த வளைவுகள்ல அதுவும் வராது. வழிநெடுக ஒத்தைப்பாலம். சின்னச் செவப்பு அம்பு உம்ம பக்கம்னா நீரு நிக்கணும். நீலப் போர்டுல பெரிய வெள்ளை அம்பு உம்ம பக்கம்னா எதிராளி நிப்பான். லைட்ட அடிச்சுக்கிட்டு நொழையிற நம்ம வித்தைய மதுரை பைபாஸோட விட்டுரும். பின்னால நாலு கார் சேந்தா, ஒதுங்க எடம் வந்ததும் ஒதுங்கி வழி விடணும். ஆரன் அடிக்க மாட்டாக. அடிச்சாலாவது நமக்கு ரோசம் வரும். எங்க அய்யா காலத்துல திருச்செந்தூருக்குக் கூண்டுவண்டி கட்டிப் போனா, மாடு எங்க மூச்சு வாங்குதோ அங்கதான் ஒல வைக்கிறது. உம்ம வேனுக்கும் அந்தக் கணக்குதான் சரி வரும்.

எண்ணெய் விசயம். அந்த மேற்குக் கரை ஜில்லாவுல 35,000 பேருகூடக் கிடையாது. நீளமோ 600 கிலோமீட்டர். ஃபாக்ஸ் பனியாத்துலருந்து ஹாஸ்ட் 120 கிலோமீட்டர், நடுவுல நம்பி நிக்க பங்க் கிடையாது. பாதி டேங்க்னாலே நிரப்பிக்கிடும். டீசல் வெலை கொறச்சலா இருக்கேன்னு சிரிக்காதேயும். ரோட்டு வரிய டீசலோட சேக்காம, ஓடின கிலோமீட்டருக்குன்னு தனியா வாங்குற ஊரு அது. சிரிச்சதெல்லாம் வண்டிய விடையில பில்லுல ஏறும்.

போறது எப்ப? மே மாசக் கடைசியா? பேஷ். இங்க கத்திரி வெயிலுக்கு ஓடிப்போற ஊருல அப்ப குளிர் எறங்கிக்கிட்டு இருக்கும். காலையில எட்டு மணிக்குத்தான் சூரியன் எந்திரிப்பான், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வேலை பாக்க மாட்டான். ஒரு நல்லது உண்டு. தூத்துக்குடிக் கடல்ல உதயத்தையே பாத்து வளந்தவருக்கு, அங்க கடலுக்குள்ள அஸ்தமனம். ஹோகிட்டிகா கடற்கரையில ஆறு கொண்டாந்து ஒதுக்கின கட்டைக கிடக்கும், ஒண்ணுல உக்காந்து பாரும். மேகம் விட்டா.

விடுறது கஷ்டம். ஹோகிட்டிகாவுல வருசத்துக்கு 2,900 மில்லிமீட்டர் கிட்டக்க மழை. நம்ம ஜில்லாவுக்கு 650 சொச்சம். கடல் காத்து நேரா வந்து மலையில முட்டி, சொமந்து வந்தத எல்லாம் இந்தப் பக்கமே கொட்டிட்டுப் போயிரும். 2019 மார்ச்சுல அப்படி ஒரு மழையில பிரான்ஸ் ஜோசப் பக்கம் வைஹோ ஆத்துப் பாலத்தையே வெள்ளம் தூக்கிட்டுப் போச்சு. அந்தக் கரைக்கு இருக்கதே ஒத்த ரோடு. மூணு வாரத்துக்குள்ள மறுபாலம் போட்டுட்டாக. நம்ம ஓடைப் பாலத்துக்குப் பூமிபூசை போட்ட தேங்காய்ச் சில்லு இன்னும் அங்கதான் கிடக்கு, அது வேற கதை. நான் சொல்ல வந்தது, உம்ம கலர்க் கட்டத்துல மழைக்கு ஒரு கட்டமும் இல்லியே?

மழை பெஞ்சா மொகத்தத் தூக்காதேயும். அந்த மலை அழகே அப்பத்தான். நேத்து வெறும் பாறையா இருந்த எடத்துல இன்னைக்கு ஏழெட்டு அருவி தொங்கும். அங்கயே அடுப்பப் பத்தவச்சு, சுக்குக் காப்பி போட்டு, கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு இரும். நாங்க அப்படி நின்ன பகல்தான் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. பாக்கிப் பயணத்துல நான் பார்த்ததெல்லாம் வண்டி ஓட்டின மக வீட்டுக்காரரோட பின்னந்தலை.

மழை விட்டா சேண்ட்ஃப்ளை வரும். எள்ளுப் பருமன்தான். கடிக்கிறது பூராவும் பொட்டை. கடிச்ச எடம் வாரக்கணக்குல அரிக்கும். கடவுள் செஞ்ச அழகான எடத்துல மனுசன் ரொம்ப நாள் தங்கிறக் கூடாதுன்னு, மரணத்துக்கு அதிபதியான பொம்பளத் தெய்வம் மில்ஃபோர்டுல அத அவுத்துவிட்டுச்சாம். மாவோரி சனங்க சொல்ற கதை. உம்ம அத்தைக்கு இந்தக் கதை ரொம்பப் புடிச்சுப்போச்சு. இப்பல்லாம் நம்ம வீட்டுக்கு யாரு விருந்தாடி வந்தாலும் எடுத்துச் சொல்றா.

பனியாறு? 2012லருந்து பிரான்ஸ் ஜோசப்புல நடந்துபோயி ஐஸ் மேல கால் வைக்க முடியாது, உருகி உள்ள போயிருச்சு. ஹெலிகாப்டர்ல போனாத்தான் உண்டு. வேன்ல போனா மிச்சம்னு சொன்னீருல்ல, அந்த மிச்சத்துக்கு அங்க ஒரு கவுண்டர் தெறந்து வச்சிருக்காக. மலைப்பக்கம் கீயான்னு பச்சைக்கிளி வரும். கிளி அழகா இருக்கேன்னு நீரு போட்டோ புடிக்கிற நேரத்துல, கண்ணாடி ஓரத்து ரப்பர உரிச்சுப்புடும். தீனி மட்டும் போட்டுறாதேயும்.

ஹாஸ்டுக்கு முந்தி நைட்ஸ் பாயிண்ட்னு ஒரு முனை. 1965ல ரோடு முழுசாச் சேந்ததுக்கு அங்க அடையாளம் வச்சிருக்காக. யாரோ பெரிய துரைன்னு நெனச்சுச் செருப்பக் கழட்டிறாதேயும். நைட்டுங்கறது ரோட்டுக்கு அளவெடுத்த சர்வேயரோட நாய். நம்ம பக்கம் ஒரு பஸ் நிழற்குடைக்கே மூணு பேரு போட்டி போட்டுக் கல்வெட்டு வைக்கிறான்.

எந்திரிச்சுட்டீரா? ஒண்ணு மறந்தே போனேன். வெலிங்டன்லதானே வண்டி எடுக்கப்போறீரு? கப்பல் ஏறுறதுக்கு முந்தி தே பாப்பா மியூசியத்துக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாரும். நம்ம தமிழ் எழுத்துப் பொறிச்ச வெண்கல மணி ஒண்ணு அவுககிட்ட இருக்கு. இப்ப காட்சிக்கு வச்சிருக்காகளான்னு மட்டும் முன்கூட்டி விசாரிச்சுக்கிடும். ஒரு சாண் ஒசரங்கூட இருக்காது, விளிம்பு உடைஞ்சது. முகைதீன் பக்சுங்கற பேருல இருந்த கப்பலோட மணின்னு எழுதியிருக்கு. எனக்கென்னவோ காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து மரைக்காயமாரு கப்பலாத்தான் தோணுது. எப்படி அங்க போச்சுன்னு யாருக்கும் துப்புத் தெரியல. 1836 வாக்குல கொலன்சோன்னு ஒரு மிஷனரி கண்ணுல படையில, மாவோரிப் பொம்பளைக அதக் கவுத்துப் போட்டு உருளைக்கிழங்கு அவிச்சுக்கிட்டு இருந்தாகளாம்.

நல்லாப் பாரும், போட்டோவும் எடும். ஆனா "அன்றே நியூசிலாந்தை ஆண்ட தமிழன்"னு குடும்ப குரூப்புல போட்டுறாதேயும். போட்டீருன்னா, அந்தக் கிழங்குக்கு என்ன மசாலா போட்டாகன்னு உம்ம அத்தை கேப்பா, பதில் தயாரா வச்சுக்கிடும்.