ஆய்வேடு ஹோமரில் நிற்கிறது

சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹைட் பார்க் பக்கம் போனால் இவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. கோட்டின் ஒரு பையில் பச்சை அட்டைப் புத்தகம், மறு பையில் சிவப்பு. லோப் வரிசை: பச்சை கிரேக்கம், சிவப்பு லத்தீன், இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். காபிக் கடையில் இடப்பக்கத்தில் விரலை வைத்துப் புருவத்தைச் சுருக்குவார். கண் மட்டும் வலப்பக்கத்தில் மேயும். யாராவது பக்கத்தில் வந்தால் சட்டென்று விரலோடு சேர்ந்துகொள்ளும்.

இவர் படிப்பது சமூகச் சிந்தனைக் குழு என்ற துறையில். 1941-இல் ஜான் நெஃப் முதலிய நால்வர் தொடங்கியது. ஹயெக், ஹன்னா அரெண்ட், சால் பெல்லோ, நம் ஏ. கே. ராமானுஜன் எல்லோரும் இருந்த இடம். பெருநூல்கள் பத்துப் பதினைந்தைத் தாமே தேர்ந்தெடுத்துப் பரீட்சை எழுத வேண்டும். எழுதினார், தேறினார். வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

தலைப்பு நீட்சே. நீட்சேயைத் தொட்டால் ஷோபன்ஹவரைத் தொட வேண்டும். அவரோ, கான்ட்டைப் படித்துவிட்டு வா என்று முன்னுரையிலேயே வாசகனைத் திருப்பி அனுப்புகிறவர். கான்ட்டின் தூக்கத்தைக் கலைத்தவர் ஹியூம். இப்படியே இறங்கி இறங்கிப் பிளேட்டோவுக்கு வந்தார். பிளேட்டோ தம் லட்சிய நகரத்தில் கவிஞர்களுக்கு இடம் தரவில்லை. வெளியே தள்ளப்பட்டவரை விசாரிக்காமல் எப்படித் தீர்ப்பு எழுதுவது? ஆகவே இப்போது ஹோமர். நீட்சேக்கு 1869-இல் லைப்சிக் பல்கலைக்கழகம் ஆய்வேடே கேட்காமல் டாக்டர் பட்டம் கொடுத்தது. 24 வயதில் பாசலில் பேராசிரியர் ஆகிவிட்டார். இதை இவர் காதுபட யாரும் பேசுவதில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் வெகுகாலம் கற்பித்த லியோ ஸ்ட்ராஸ், அடக்குமுறைக்கு அஞ்சிய பழைய தத்துவஞானிகள் உண்மையை வரிகளுக்கு நடுவே ஒளித்துவைத்தார்கள் என்று 1952-இல் ஒரு புத்தகமே போட்டார். அதைப் படித்ததிலிருந்து இவருக்கு எதையும் நேராகப் படிக்க வருவதில்லை. ஒருநாள் வழிகாட்டிப் பேராசிரியர், "இரண்டாம் அத்தியாயம் எங்கே?" என்று மின்னஞ்சல் அனுப்பினார். இவர் அறைத்தோழரைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கவனிச்சியா? முதல் அத்தியாயத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை."

"அதையும்தான் நீ கொடுக்கலையே?"

"அதான் விஷயமே! இல்லாத ஒண்ணைப் பத்தி மௌனம் சாதிக்கிறார்னா உள்ளே ஏதோ இருக்கு."

அந்த மௌனத்தைப் பற்றி முப்பது பக்கம் எழுதினார். ஆய்வேட்டில் சேராத பக்கங்கள்தான்.

சும்மா சொல்லக்கூடாது. ஏதென்ஸின் கொள்ளைநோயைத் துசிடிடீஸ் வர்ணிக்கும் இடத்தை இவர் எடுத்துச் சொல்லிக் கேட்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். காபிக்குக் காசு கொடுக்கும்போதுதான் பழைய ஆளாகிவிடுவார். பையைத் துழாவினால் சிவப்போ பச்சையோதான் வரும்.

தேங்க்ஸ்கிவிங் விருந்தில் குழாய் வேலை பார்க்கும் மாமா கேட்டார்: "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

ஓய்வுக்காகத்தான் உழைக்கிறோம் என்ற அரிஸ்டாட்டிலில் தொடங்கி, வான்கோழி ஆறும்வரை விளக்கினார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்த ஓய்வுக்கு வாடகை யார் கட்டறது?" என்றார்.

"நல்ல கேள்வி மாமா. அதுக்கு மார்க்ஸைப் படிக்கணும்" என்றார் இவர். கொஞ்சம் யோசித்து, "அதுக்கு முன்னாடி ஹெகல்."