அசெம்பிள் செய்த கணினி கவிழுமா? காண்டல், கருதல், உரை வழி ஓர் ஆய்வு

ஆய்வேடுகளின் மரபுப்படி எல்லையை முதலிலேயே வகுத்துவிடுவது நல்லது. ஷோரூமில் முழுதாக வாங்கிய கணினி, அலுவலகம் கொடுத்த லேப்டாப், வெளிநாடு போன அண்ணன் விட்டுச் சென்ற பழைய பெட்டி ஆகியவை இவ்வாய்வுக்குப் புறம்பானவை. ரிச்சி தெருவில் ப்ராசஸர் ஒரு கடை, ராம் வேறு கடை, எஸ்.எம்.பி.எஸ். எதிர்வரிசைக் கடை என்று நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக வெயிலில் அலைந்து வாங்கி, வீட்டு ஹாலில் பாய் விரித்துப் பூட்டிய கணினி மட்டுமே இங்கு ஆய்வுப் பொருள். அது ஆன் ஆகிவிட்டது. விண்டோஸும் ஏறிவிட்டது. இனி எஞ்சியிருப்பது ஒரே வினா: இது நிற்குமா?

ஒன்றை அறிவதற்குச் சைவ சித்தாந்தம் மூன்று அளவைகளை முதன்மையாகக் கொள்கிறது: நேரில் காண்டல், கண்டதை வைத்துக் கருதல், அறிந்தோர் சொன்ன உரை. சிவஞான சித்தியார் இதை விரிவாகப் பேசுகிறது. அதை இயற்றிய அருணந்தி சிவாசாரியாருக்கு ராம் பற்றிய கவலை இருந்ததற்கு அகச்சான்றோ புறச்சான்றோ இல்லை. ஆனாலும் இந்தத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இதுவரை கிட்டவில்லை.

உரை அளவையிலிருந்து தொடங்கலாம், அதுதான் மலிவு. “எல்லாம் செக் பண்ணியாச்சு சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்பது கடைக்காரர் வாக்கு. ஃபேன் சுற்றியது, மதர்போர்டு கம்பெனியின் லோகோ வந்தது என்பதே இதற்கு ஆய்வாளர் காணும் பொருள். கடைக்காரரை விடுங்கள், தயாரித்தவர் வாக்கே தள்ளாடிய வரலாறு உண்டு. 1994இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பென்டியம் சிப் வகுத்தலில் தப்புச் செய்வதைக் கண்டார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், பென்டியம் 1.33373 என்றது. சாதாரணப் பயனாளர் ஒருவருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இந்தப் பிழை எதிர்ப்படும் என்றது இன்டெல். 24 நாளுக்கு ஒருமுறை வரலாம் என்றது ஐ.பி.எம். ஒரே பிழைக்கு இப்படி இரண்டு பாடபேதம். கடைசியில் சிப்பை மாற்றித் தந்த வகையில் இன்டெல் தன் கணக்கில் எழுதிய செலவு 47.5 கோடி டாலர்.

அடுத்தது காண்டல். இங்கே ஆய்வாளர் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறார். டி.டி.ஆர்.5 ராம் போட்ட கணினி முதல் தடவை ஆன் ஆகும்போது சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும். மதர்போர்டு ராமுடன் பேசி, எந்த வேகத்தில் எப்படிப் போவது என்று பழகிக்கொள்ளும் நேரம் அது. பொறுமையற்ற ஆய்வாளர்கள் இந்த இடத்தில்தான் பிளக்கைப் பிடுங்குகிறார்கள்.

பிறகு சூடு. சோதனை மென்பொருளை ஓடவிட்டு வெப்பநிலையைப் பார்த்தால் 40, சில நொடியில் 70, கண்ணிமைப்பதற்குள் 95. ஃபேன் ஊளையிடும், ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூலரைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், செம்புத் தகட்டின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதில் ‘பொருத்துமுன் உரிக்கவும்’ என்ற எச்சரிக்கை, அதன் மேல் பட்டையாகத் தெர்மல் பேஸ்ட். இதே 95 டிகிரி ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையில் வந்தால் பதற வேண்டியதில்லை. முழு வேலையில் அந்த எல்லை வரை போய் நிற்கும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். எண் ஒன்று, பொருள் இரண்டு. காண்டலையும் அப்படியே நம்பிவிட முடியாது.

ராமுக்குத் தனிச் சோதனை மெம்டெஸ்ட். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து கிளம்பி, ஒவ்வோர் அறையிலும் ஒரு வடிவத்தை எழுதி, திரும்பப் படித்து, பிசகினால் சிவப்பில் வரி போடும். உலகமே அஞ்சும் நீலத்திரை மெம்டெஸ்ட்86+இல் மட்டும் ஆரோக்கியத்தின் நிறம் என்பதை ஆய்வுலகம் இன்னும் கவனிக்கவில்லை. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ராம் வேகம் பெரும்பாலும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை பயாஸில் ஆன் செய்தால்தான் கிடைக்கும். அது தரநிலையைத் தாண்டிய ஓட்டம். எனவே மெம்டெஸ்டை அந்த அமைப்பை ஆன் செய்த பிறகு ஓட்டுவதே முறை. அதற்கு முன் ஓட்டிவிட்டு மார்தட்டுகிறவர்கள் வேறொரு கணினியைச் சோதித்தவர்களே.

கருதல் அளவையின் தலைநூல் ப்ரைம்95. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் பெயரால் வழங்கும் பகா எண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய மென்பொருள் இது. தேடும் திட்டம் 1996இல் தொடங்கியது. 2024இல் அந்தத் திட்டம் அறிவித்த எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். இத்தனை மகத்தான கருவி நம்மிடம் வந்து, கேம் ஆடும்போது பெட்டி ஹேங் ஆகுமா என்று பார்க்கப் பயன்படுகிறது. இதன் சூட்சுமம், விடை சரியா என்று அதுவே கண்காணிப்பதில் இருக்கிறது. பெருக்கலின் விடை முழு எண்ணாக வர வேண்டும். தசமக் கணக்கில் போவதால் துளி விலகலாம், விலகல் 0.4ஐத் தாண்டினால் அந்தக் கோரின் வேலையை நிறுத்திப் பிழை என்று அறிவிக்கும். கணினி அணையாமலே, ஹேங் ஆகாமலே, தப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம் என்பதை வேறெந்த வழியில் அறிவது? 2016இல் இன்டெல் ஸ்கைலேக் ப்ராசஸரில் ஒளிந்திருந்த குறையும் இந்த மென்பொருளை ஓட்டியபோதே சிக்கியது. பிறகு பயாஸ் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். ஓரிரவுக் கட்சியார் விடிய விடிய ஓடினால்தான் ஒப்புவார்கள். முழுநாள் கட்சியார் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். விளையாட்டுக் கட்சியாரோ, கேம் ஆட வாங்கியதில் கேம் ஆடிப் பார்ப்பதே சோதனை என்பார்கள். இக்கட்டுரையாளர் சாய்வது மூன்றாம் கட்சிக்கு. காரணம் உண்டு. எல்லா கோரும் முழு மூச்சில் உழைக்கும்போது ப்ராசஸர் வேகத்தைக் கொஞ்சம் தணித்தே ஓடும். ஒரே கோர் லேசான வேலையில் இருக்கும்போதுதான் உச்ச வேகத்துக்குத் தாவும். வோல்டேஜைக் குறைத்து வைத்திருந்தால் அந்தத் தாவலில்தான் விழும். இரவெல்லாம் ப்ரைம்95ஐத் தாங்கிய கணினி, காலையில் யூடியூப் திறந்ததும் ரீஸ்டார்ட் ஆவது இப்படித்தான்.

இத்துறையின் மையச் சிக்கலைத் தெளிவாக எடுத்துரைத்தவர் பெயர் பதிவாகாத ஒரு தாயார்.

“இவ்ளோ காசு போட்டு வாங்கிட்டு, இன்னும் அதுல ஒண்ணும் பாக்காம உக்காந்திருக்கியேடா?”

“டெஸ்ட் ஓடுதும்மா.”

“எப்ப முடியும்?”

“எர்ரர் வந்தா முடிஞ்சுரும்.”

“வரலைன்னா?”

மகனிடம் இதற்கு விடை இல்லை. மூன்று கட்சியாரிடமும் இல்லை. பிழை வந்தால் கணினி கெட்டது என்று தெரியும். வராவிட்டால், இதுவரை வரவில்லை என்று மட்டுமே தெரியும். தந்தையார் எழுப்புவது பொருளியல் வினா: ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து வாட்டும்போது 500 வாட் இழுத்தால், பத்து மணி நேரத்துக்கு ஐந்து யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உள்ள மாநிலத்தில் இது புறக்கணிக்கத்தக்க தொகை அல்ல என்பது அவர் வாதம்.

முதல் நாள் தேர்ச்சி எவ்வளவு காலம் செல்லும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சில, வாங்கியபோது ஒழுங்காக ஓடி, மாதங்கள் கழித்து கேம்களில் கவிழத் தொடங்கின. பாதிக்கப்பட்டவர்களுக்கு வந்த அறிவிப்போ கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்றது. பழி கிராபிக்ஸ் கார்டு மேல் விழுந்தது. ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத் தானே அரித்துக்கொண்டதே காரணம் என்று 2024இல் தெரியவந்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. ஏற்கெனவே அரித்துப்போன சிப்பை அது மீட்காது. வாரண்டியை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டித்தது.

ஆகவே தீர்ப்பு இது: ராமுக்கு ஓர் இரவு மெம்டெஸ்ட், ப்ராசஸருக்கு அரை மணி ப்ரைம்95, பிறகு எதற்காக வாங்கினீர்களோ அந்த வேலை. இதற்கு மேல் ஓட்டுவது பொழுதுபோக்கு. அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. கடையில் தந்த பில்லை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். சூட்டில் அச்சாகும் காகிதம் என்றால், வாரண்டி முடிவதற்குள் அந்த எழுத்து வெளிறிவிடும்.