சமிக்ஞை ரசிகர்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் உயர் வரையறைத் தொலைக்காட்சி 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பொது ஒளிபரப்புக்கு வந்தது. முழுத்திறன் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு 2009 ஜூன் 12ஆம் நாள் நிறுத்தப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டின் புறநகர் வீடுகளில் தோன்றித் தழைத்துப் பின்னர் அருகிப்போன ஒருவகை மனிதரைச் சமிக்ஞை ரசிகர் என்று பெயரிட்டு ஆராய்வது பொருத்தமாக இருக்கும். இவர் தொலைக்காட்சியைப் பெட்டியில் பார்க்காமல் வீட்டுக் கணினியில் பார்ப்பவர். குறைந்தபட்சம், பார்க்கிறார் என்று அவருடைய குடும்பத்தார் நம்பிவருகின்றனர்.

இவருடைய வரலாறு எப்போதும் சிக்கனத்தில்தான் தொடங்குகிறது. அக்காலத்தில் உயர் வரையறைப் பெட்டிகளின் விலை ஆயிரக்கணக்கான டாலர். வீட்டிலிருக்கும் கணினித் திரையோ அந்த நுண்மையோடு படம் காட்ட ஏற்கெனவே வல்லது. ஆகவே வானலையைப் பிடித்துக் கணினிக்குள் இறக்கும் டியூனர் அட்டை ஒன்றை வாங்கிச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர் மனைவியிடம் வைக்கும் வாதம். வாதத்தில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அட்டை வந்து சேர்ந்த வாரத்திலேயே, எம்பெக்-2 என்னும் முறையில் சுருக்கி அனுப்பப்படும் படத்தை உடனுக்குடன் விரித்துக் காட்டப் பழைய செயலிக்கு ஆற்றல் போதாது என்பது புலப்படுகிறது. புதிய செயலி பழைய தாய்ப்பலகையில் பொருந்துவதில்லை. தாய்ப்பலகை மாறினால் நினைவகமும் மாற வேண்டியிருக்கிறது. எல்லாம் மாறிய பிறகு, உள்ளே சுழலும் விசிறிகளின் இரைச்சலில் வசனம் காதில் விழாததால் ஓசையடங்கிய விசிறிகளும் வாங்கப்படுகின்றன. செலவுச் சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் இவ்வகையினரிடம் இல்லை. கூட்டிப் பார்த்தவர்கள் இவ்வகையில் நீடித்ததுமில்லை.

அடுத்த களம் கூரை. டிஜிட்டல் நிலையம் ஒவ்வொன்றும் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசைக்குள் நொடிக்கு 19.39 மெகாபிட் அளவு தரவை வானில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதைப் பெறக் கேபிள் சந்தா தேவையில்லை, ஆன்டெனா போதும். கூரையின் அழகு கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கம் ஆட்சேபித்தால் சமிக்ஞை ரசிகர் உள்ளூர மகிழ்கிறார். ஏனெனில் 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தையொட்டி அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் வகுத்த விதி, ஒருவர் தம் சொந்த வீட்டில் தொலைக்காட்சி ஆன்டெனா வைப்பதைச் சங்கங்கள் தடுக்கலாகாது என்கிறது, அந்த விதியோ அவருக்கு மனப்பாடம். சங்கம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் அவருக்கு ஏமாற்றம்.

ஆன்டெனா நின்றுவிட்டதால் படம் வந்துவிடும் என்பதில்லை. பழைய அனலாக் படத்துக்கு, அலை வலுவிழக்கும்போது சிறிது சிறிதாக மங்கி, புள்ளிகள் தூவி, தன் வருத்தத்தை முன்கூட்டியே தெரிவிக்கும் நாகரிகம் இருந்தது. டிஜிட்டல் படமோ, பிழைதிருத்தக் கணக்கு தாங்கும்வரை மாசற்றதாக ஓடி, அந்த எல்லையைக் கடந்த கணமே கட்டங்கட்டமாகச் சிதறி உறைந்துவிடும். இதனோடு, ஒரே அலை நேர்வழியில் ஒருமுறையும் கட்டடத்தில் மோதித் திரும்பிச் சற்றுத் தாமதமாக மறுமுறையும் வந்து சேரும் பன்வழிப் பரவல் என்ற தொல்லையும் உண்டு. அனலாக்கில் அது உருவத்தின் பக்கத்தில் ஒரு நிழலுருவாக நின்றதோடு சரி, தொடக்ககால டிஜிட்டல் டியூனர்களை அது திணறவே அடித்தது. ஆகவே சமிக்ஞை ரசிகர் விமானங்கள் தாழப் பறக்கும் பாதையையும், பக்கத்து வீட்டு மரம் இலைவிடும் பருவத்தையும் உழவருக்குரிய கவனத்தோடு பயில்கிறார். அவர் கூரைமேல் நின்று ஆன்டெனாவை விரற்கடை விரற்கடையாகத் திருப்ப, மகன் கீழே கணினியின் முன் அமர்ந்து சமிக்ஞையின் வலிமையை "அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, அப்பா, போய்விட்டது" என்று ஜன்னல் வழியே அறிவிக்கிறான்.

இவ்வளவுக்கும் பின் திரையில் படம் நிலைபெறும் அந்த மாலையில்தான் இவருடைய தனித்தன்மை முழுமையாக வெளிப்படுகிறது. உயர் வரையறை ஒளிபரப்பில் இரண்டு வகைகள் நிலைத்தன: 720 கோடுகளை நொடிக்கு 60 முறை முழுமையாக வரைவது ஒன்று, 1080 கோடுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை எனப் பிரித்து மாற்றி மாற்றி அனுப்புவது மற்றொன்று. ஏபிசி, ஃபாக்ஸ் ஆகிய ஒளிபரப்பு நிறுவனங்கள் முன்னதையும், சிபிஎஸ், என்பிசி ஆகியவை பின்னதையும் தேர்ந்துகொண்டன. கணினித் திரை எல்லாக் கோடுகளையும் ஒருசேர வரைவதாதலால், பிரித்து அனுப்பியதை இணைக்கும்போது ஓடும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற சிதைவு தோன்றும். அதை நீக்குவதற்குப் பல கணக்கீட்டு முறைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றையும் ஒப்பிடுவதற்கென்றே இவருக்கு ஓர் அமெரிக்கக் கால்பந்தாட்டம் தேவைப்படுகிறது. பந்தைப் பற்றிக்கொண்டு வீரர் எல்லைக்கோட்டை நோக்கிப் பாயும் தருணத்தில் இவர் படத்தை நிறுத்தி, அவருடைய முழங்கையை உருப்பெருக்கிப் பார்க்கிறார். கோபுரத்துச் சுதைகளை எண்ணிவிட்டு மூலவரைப் பாராமல் திரும்பும் பக்தர் போன்றவர் இவர். ஆட்டத்தில் வென்றது யார் என்று மறுநாள் அலுவலகத்தில் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்.

பார்க்காததைச் சேமித்து வைப்பதிலும் இவருக்கு இணையில்லை. வானில் வரும் தரவை மாற்றாமல் அப்படியே வன்தட்டில் எழுதினால் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஏறத்தாழ 8.7 கிகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஐசக் ரிச்சர்ட்ஸ் 2002இல் தொடங்கிய மித்டிவி போன்ற கட்டற்ற மென்பொருள்கள், அட்டவணையைப் படித்துத் தாமே பதிவுசெய்து, விளம்பரங்களைத் தாமே கண்டறிந்து தாண்டும் திறனை அளித்தபோது, சமிக்ஞை ரசிகரின் வன்தட்டுகள் நிரம்பும் வேகம் அவர் பார்க்கும் வேகத்தை விட்டு நெடுந்தொலைவு சென்றுவிட்டது. பவளப்பாறைகளைப் பற்றிய ஆவணப்படங்கள் அவற்றில் மிகுதி. மீன்களிடம் அவருக்குத் தனிப்பட்ட ஈடுபாடு கிடையாது. நீலத்தின் படிநிலைகளைச் சோதிக்க அவை உதவுகின்றன.

இம்மனிதரை நகைத்துவிட்டு மட்டும் நகர்வது நேர்மையாகாது. 2003 நவம்பரில் தகவல்தொடர்பு ஆணையம், ஒளிபரப்புக் கொடி எனப்படும் ஒரு குறியீட்டைத் தொலைக்காட்சிக் கருவிகள் மதித்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. நிகழ்ச்சியோடு ஒட்டி வரும் அக்குறியைக் கண்டால் கருவி தடையற்ற நகலெடுப்புக்கு இடம் தரலாகாது. 2005 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கருவிகளுக்கு இது பொருந்தும் என்றதும், அதற்கு முன்பே செய்யப்பட்ட டியூனர் அட்டைகளைச் சமிக்ஞை ரசிகர்கள் தேடித்தேடி வாங்கினர். அமெரிக்க நூலகச் சங்கமும் பிறரும் தொடுத்த வழக்கில், 2005 மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒளிபரப்பைப் பெற்று முடித்த பிறகு கருவி என்ன செய்கிறது என்பதை ஆணையிடும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை எனக் கூறி விதியை நீக்கியது. தம் வீட்டுக்குள் வந்து விழுந்த அலை தமக்குரியது என்று இவர் விடாமல் சொல்லிவந்ததில் நியாயம் இருந்தது என்றே கருத வேண்டும். அவ்வெற்றிக்குப் பின், அவசரமாக வாங்கிய மூன்று அட்டைகள் அலமாரியில் உறை பிரியாமல் கிடந்தன என்பது வேறு.

மனைவியின் நிலை தனி ஆய்வுக்குரியது. இவ்வகையினர் தமக்குள், ஓர் ஏற்பாட்டை வீட்டு மனைவி எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்வார் என்பதை மனைவி ஏற்புக் காரணி என்ற அளவுகோலால் மதிப்பிட்டு வந்தனர்; அதை அளக்கும்போது மனைவியைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. செய்தி பார்க்க விரும்பும் அந்த அம்மையார் கணினியை எழுப்பி, மென்பொருளைத் திறந்து, ஒலி எந்த வாயில் வழியே செல்ல வேண்டும் என்று தேர்ந்து முடிப்பதற்குள் செய்தி முடிந்து வானிலை அறிக்கை வந்துவிடும். ஆகவே அவர் சமையலறையில் பழைய சிறு பெட்டியை வைத்துக்கொண்டு, விசையை அழுத்திப் பார்த்து வந்தார்.

2007 மார்ச் முதல் நாட்டுக்குள் வரும் தொலைக்காட்சிப் பெட்டி ஒவ்வொன்றிலும் டிஜிட்டல் டியூனர் இருக்க வேண்டும் என்ற விதியும், பழைய பெட்டிகளுக்கான மாற்றியை வாங்க அரசு வழங்கிய 40 டாலர் கழிவுச் சீட்டும் சேர்ந்து, சமிக்ஞை ரசிகரின் பல்லாண்டு உழைப்பின் பயனைத் தெரு முழுவதற்கும் ஒரே பிற்பகலில் கொண்டுவந்து சேர்த்தன. பக்கத்து வீட்டுக்காரர் புதுப் பெட்டியை வாங்கி, காதுபோல் இரு கம்பிகள் நீட்டிய மலிவு ஆன்டெனாவை அதன்மேல் வைத்து, ஆட்டம் பார்க்க இவரையும் அழைத்தார். படத்தில் குறையே இல்லை. கடைசி நிமிட ஆட்டத்துக்கு எல்லாரும் எழுந்து நின்று கூச்சலிட்டுக்கொண்டிருக்கையில், இவர் தொலையியக்கியைக் கேட்டு வாங்கி, பட்டியலுக்குள் பட்டியலாக இறங்கி, சமிக்ஞை வலிமை காட்டும் பக்கத்தைத் திரை முழுவதும் திறந்து வைத்தார்.