மணிக்கு ஓர் அன்னநடை

பெட்டியின் மேல் "மணிக்கு 40 கிலோமீட்டர்" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. என் மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். "மதுரையில வச்சிருந்தீங்களே ஒரு ஸ்கூட்டர், அது இவ்வளவு வேகம் போயிருக்குமா?" என்றாள். போனதில்லை. இறக்கத்தில்கூடப் போனதில்லை.

பணி ஓய்வுக்கு மகள் வாங்கிக்கொடுத்த பரிசு அது. ரிமோட்டில் ஓடும் படகு. அரை மீட்டர் நீளம், ஒரு கிலோ எடை, மூக்கில் சுறாவின் பல்வரிசை வரைந்த ஒட்டுப்படம். ஓய்வுபெற்ற அப்பாவுக்கு என்ன கொடுப்பது என்று லண்டனில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. "பொழுது போகும்பா" என்றாள். போயிற்று. அதோடு இன்னும் சிலவும் போயின.

படகு விஷயத்தில் நான் ஒன்றும் கற்றுக்குட்டி அல்ல. தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் தகரக் கப்பல் வாங்கி ஓட்டியவன். எண்ணெய்த் திரியை ஏற்றி அதன் வயிற்றுக்குள் தள்ளினால் டப டப என்று அலறிக்கொண்டு அண்டாத் தண்ணீரில் நகரும். ஒரு சுற்று முடிப்பதற்குள் அம்மா அண்டாவைக் கேட்டு வந்துவிடுவாள். அதைவிடப் பெரிய படகும் பார்த்திருக்கிறேன். மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டியது. தைத் தெப்பத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறி மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். கரையில் நிற்கிறவர்கள்தான் வடம் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கிறவன் நடக்கிற வேகம்தான் சாமியின் வேகம். என் சிறு வயதில் பல வருஷம் குளத்தில் தண்ணீரே இருக்காது. நாங்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவோம். அப்படிப்பட்ட வருஷங்களில் நிலைத்தெப்பம். தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்கும். வேகம் பூஜ்யம், விபத்தும் பூஜ்யம்.

இந்தப் பாரம்பரியத்தில் வந்தவன், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் பேட்டைப் பூங்காக் குளத்துக்குச் சுறாமீனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன்.

கரையில் ஒரு பலகை இருந்தது. மாதிரிப் படகுகளை நடை வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, பறவைகளுக்கே முதல் உரிமை, பெட்ரோல் எஞ்சின்களுக்கு அனுமதி இல்லை, தண்ணீரில் இறங்காதீர். அறிவிப்புப் பலகை என்பது அடுத்தவருக்காக எழுதப்படுவது என்ற நம்பிக்கையில் வளர்ந்தவன் நான். தவிர, நடை வேகம் என்றால் யாருடைய நடை? கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் என் சித்தப்பாவும் அதை நடை என்றுதான் சொல்வார்.

படகைத் தண்ணீரில் வைத்தேன். ரிமோட் துப்பாக்கி மாதிரி இருந்தது. விசையைத் தொட்டேன். அழுத்தவில்லை, தொட்டேன்.

மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். எங்கள் குளம் நீளவாக்கில் சுமார் 90 மீட்டர். ஆக மொத்தம் எட்டு நொடி. எட்டு நொடியில் நான் எந்த முடிவும் எடுத்தவனல்ல. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவே இரண்டு வருஷம் ஆயிற்று. சுறாமீன் பாதித் தண்ணீரிலும் பாதி ஆகாயத்திலுமாகப் பறந்தது. குளத்தின் நடுவில் ஒரு நீராவிப் படகு பித்தளைக் கொதிகலன் பளபளக்க, மெல்லப் புகைவிட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சுறா அதன் குறுக்கே பாய்ந்தது. எழுந்த அலையில் நீராவிப் படகு இரண்டு முறை குனிந்து நிமிர்ந்து, "உஸ்" என்றது. அடுப்பு அணைந்த சத்தம்.

விசையை விட்டுவிட்டேன். படகு நிற்கவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ரிமோட்டுக்கும் படகுக்கும் தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படகுக்குள் இருக்கும் ரிசீவர் முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருக்கும். இரண்டையும் முதல்முறை இணைக்கும்போது விசை எந்த நிலையில் இருக்கிறதோ, என்னுடையதில் அதுதான் பாடம். அன்று இணைத்தது என் பேரன். எட்டு வயது. இணைக்கும்போது விசையைக் கடைசி வரைக்கும் அழுத்திப் பிடித்திருந்தான். ஆகவே என் குரல் கேட்காத தூரத்துக்குப் போன அந்தப் படகு, பேரன் சொல்லை வேதவாக்காக ஏற்று, முழு வேகத்தில் போய்க் குளத்துத் தீவின் நாணல் புதருக்குள் செருகிக்கொண்டது.

புதருக்குள்ளிருந்து அன்னம் வந்தது.

நம் புலவர்கள் அன்னத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். பாலையும் நீரையும் பிரிக்கும்; தமயந்தியிடம் தூது போகும்; நடை அழகு. இவர்களில் ஒருவராவது குஞ்சு பொரித்திருக்கும் அன்னத்தின் வீட்டு வாசலில் போய் நின்றதில்லை என்று அடித்துச் சொல்வேன். இரண்டு சிறகையும் முதுகுக்கு மேல் பாய் போலத் தூக்கி, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, தண்ணீரைக் கிழித்து என்னை நோக்கி வந்தது. படகுக்குச் சொந்தக்காரன் யார் என்பது அதற்கு எப்படியோ தெரிந்திருந்தது. இந்த நாட்டில் பொது நீர்நிலைகளில் அடையாளக் குறியில்லாத அன்னங்களுக்கு உரிமை கொண்டாடும் பாத்தியதை மன்னருக்கு உண்டு. கூட்டைக் கெடுத்தால் 1981-ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டம் பாயும். நான் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். எண்பதை நெருங்கும் வயது, கம்பளித் தொப்பி, கையில் அணைந்துபோன நீராவிப் படகின் ரிமோட். குளத்துப் படகுக்காரர் சங்கத்தின் மூத்தவர். மனசுக்குள் அவருக்குத் துறைமுகத்தார் என்று பெயர் வைத்தேன், இன்றுவரை அதுதான். என் படகு போன திசையைப் பார்த்து, "கொஞ்சம் வேகமோ?" என்றார்.

முப்பது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியதில் ஒன்று தெரிந்துகொண்டிருக்கிறேன். இங்கிலாந்துக்காரர் வாயில் "கொஞ்சம்" வந்தால், மதுரையில் தெருவே கூடி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசுவதற்குச் சமம். தலை குனிந்தேன்.

மனிதர் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தை எடுத்தார். அதில் தூண்டில் நரம்பு கட்டியிருந்தது. பந்தைப் படகைத் தாண்டி விழுகிற மாதிரி வீசி, நரம்பு படகின் மேல் படிந்ததும் மெல்ல இழுக்க வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த படகானாலும் அதற்காகத் தண்ணீரில் இறங்கக் கூடாது; அடியில் சேறு எவ்வளவு ஆழம் என்பது சேற்றுக்குத்தான் தெரியும். அன்னம் விலகும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அவர் மூன்று முறை வீசினார், எட்டவில்லை. நான் வாங்கி ஒரே வீச்சில் போட்டேன். வற்றிய தெப்பக்குளத்தில் எல்லைக்கோட்டிலிருந்து ஸ்டம்புக்கு எறிந்த கை, சும்மாவா? அன்று எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

காத்திருந்த நேரத்தில் அவர் நடத்திய வகுப்பைச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள பொருள் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இடிப்பதும், மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்து இடிப்பதும் ஏறக்குறைய ஒன்று. வாத்துக்கு ஹெல்மெட் கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. நடை வேகத்தோடு ஒப்பிட்டால் என் சுறாமீனின் அடி நாற்பது மடங்குக்கு மேல். படகுக்கு பிரேக் என்று ஒன்று இல்லவே இல்லை. இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரியான விண்டர்மியரில், ஆள் ஏறி ஓட்டும் நிஜப் படகுகளுக்கே 2005 முதல் மணிக்கு 10 கடல்மைல்தான், அதாவது பதினெட்டரை கிலோமீட்டர், உச்சவரம்பு. வாத்துக் குளத்தில் நான் அதைப்போல் இரண்டு மடங்கு போயிருக்கிறேன்.

அந்தக் காலத்துக் கட்டுப்பாடு இப்போது இல்லை என்று பெருமூச்சு விட்டார். அப்போதெல்லாம் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆறு நிறம்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். கரையில் ஒரு பலகையும் நிறத்துக்கு ஒரு கிளிப்பும் இருக்கும். மஞ்சள் கிளிப்பை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டியவர் மட்டுமே மஞ்சளில் ஓட்டலாம். கிளிப் இல்லாமல் யாராவது சுவிட்சைப் போட்டால் அடுத்தவர் படகு பேய் பிடித்த மாதிரி ஆடும். அதனால் குளத்துக்கு வருகிறவன் முதலில் நாலு பேரிடம் பேசியாக வேண்டும். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்துவிட்டது. ஒருவர் அலையில் ஒருவர் குறுக்கிடுவதில்லை. ஒருவரோடு ஒருவர் பேசுவதும் இல்லை. "நேராக வந்து விசையை அழுத்துகிறார்கள்" என்றார். "கிறார்கள்" என்று பன்மையில் சொன்னது அவருடைய பெருந்தன்மை.

இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தவரே கூட்டத்தை மிரட்டத்தான் தொடங்கினார். 1898-ல் நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில், தொட்டித் தண்ணீரில், நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். அறுபத்து நான்கின் கனமூலம் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, படகின் விளக்கு நான்கு முறை கண்சிமிட்டியதாகச் சொல்வார்கள். உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்று சிலர் நம்பினார்களாம். என் படகைப் பார்த்த அன்னத்துக்கும் அதே சந்தேகம்தான், குரங்கு கரையில் நிற்கிறது என்பது மட்டும் வித்தியாசம்.

சங்கத்தில் சேர்ந்தால் காப்பீடு உண்டு, ஆனால் பரீட்சை வைப்பார்கள். இரவலாக ஓர் இழுவைப்படகு கொடுத்தார்கள். துறைமுகத்தில் பெரிய கப்பலைத் தள்ளிக்கொண்டு திரியுமே, அந்த ஜாதி. நிஜத்தில் 36 பங்கில் ஒரு பங்கு. மிதவைகளுக்கு நடுவே எதையும் தொடாமல் போய்த் திரும்பி, மரப்பலகையால் செய்த துறைக்குள் நிறுத்த வேண்டும். நடை வேகத்தில். பூ என்று நினைத்தேன்.

மெதுவாக ஓட்டுவதைப் போன்ற கொடுமை உலகத்தில் இல்லை. சுக்கான் திரும்புவதற்குப் புரொப்பல்லர் தள்ளுகிற தண்ணீர் அதன்மேல் பட வேண்டும். மெதுவாகப் போனால் அவ்வளவாகப் படாது. நான் வலம் என்பேன், படகு யோசிக்கும். இரண்டு வாத்து நீளம் போனபிறகு, சரி, என்று ஒரு பக்கம் சாயும். அதற்குள் நான் பதறி இடம் திருப்பியிருப்பேன். என்னை நோக்கித் திரும்பி வரும்போது வலமும் இடமும் மாறிவிடும். சந்தில் எதிரே வருகிறவர் ஒதுங்குகிற பக்கமே நாமும் ஒதுங்கி முட்டிக்கொள்வோமே, அந்தக் கதை. முதல் நாள் ஏழு மிதவையில் ஆறை இடித்தேன். ஏழாவதை என் மனைவி காப்பாற்றினாள், "என்னங்க, சாப்பாடு ஆறுது" என்று கூப்பிட்டு.

பல வாரங்களுக்குப் பிறகு, வேகம் குறைந்தால் படகு ஏன் அழகாகத் தெரிகிறது என்று கேட்டேன். வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் பெயரைச் சொன்னார் துறைமுகத்தார். 1860-களில் டெவன் பகுதியில் டார்ட் ஆற்றில் மாதிரிக் கப்பல்களைக் கட்டி இழுத்துப் பார்த்தவர். 1872-ல் டார்க்கியில் அதற்கென்றே நீளத் தொட்டி கட்டிச் சோதனை நடத்தியவர். அளவைக் குறைக்கிற விகிதத்திலேயே வேகத்தைக் குறைக்கக் கூடாது. அதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அப்போதுதான் குட்டிப் படகு எழுப்பும் அலை நிஜக் கப்பலின் அலை போலவே இருக்கும். 36-க்கு வர்க்கமூலம் 6. நிஜ இழுவைப்படகு மணிக்கு 12 கடல்மைல் போனால் எங்களுடையது 2 போக வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு மூன்றே முக்கால் கிலோமீட்டர். சாப்பாட்டுக்குப் பின் என் மனைவி நடக்கிற நடை. இதே கணக்கைத் தலைகீழாக என் சுறாமீனுக்குப் போட்டேன். எட்டு மீட்டர் நிஜப் படகின் 16 பங்கில் ஒரு பங்கு என்று வைத்தால், நான்கால் பெருக்க வேண்டும். மணிக்கு 160. வைகை அணையில் யாராவது அந்த வேகத்தில் போனால் செய்தித்தாளில் படத்தோடு வருவார். எந்தப் பக்கம் என்பது வேறு விஷயம்.

ஃப்ரூட் ஆற்றில் இழுத்துப் பார்த்த மாதிரிகளில் ஒன்றின் பெயர் அன்னம், இன்னொன்றின் பெயர் அண்டங்காக்கை. குறைந்த வேகத்தில் ஒன்று லேசாக வந்ததாம். வேகத்தைக் கூட்டினால் மற்றொன்று. அன்னநடை நடக்கப்போய்த் தன்னடையும் கெட்டது என்று நம் ஊரில் காக்கையைக் கேலி செய்வார்களே, டெவன் ஆற்றங்கரையில் ஒருவர் அதை அளந்தே பார்த்திருக்கிறார்.

அக்டோபரில் பரீட்சையில் தேறினேன். ஒரே ஒரு மிதவைதான் உரசியது, அதுவும் காற்றால் என்று எழுதிக்கொண்டார்கள். சுறாமீன் பல மாதம் பரணில் கிடந்தது. அதன் லித்தியம் பேட்டரியைத் தீப்பிடிக்காத பையில் வைத்துத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்தப் பையைப் புதுக் கைப்பை என்று நினைத்து என் மனைவி கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குஞ்சுகள் வளர்ந்துவிட்டதால், குளிர்காலத்தில் ஞாயிறு எட்டு மணிக்கு முன், இரண்டு மிதவைகளுக்கு நடுவே மட்டும், வேகப் படகுகளுக்குச் சங்கத்தில் அரை மணி நேரம் ஒதுக்குவார்கள். போன ஞாயிறு பேட்டரியை மீட்டு, ரிசீவருக்குச் சரியான பாடத்தை நானே சொல்லிக்கொடுத்து, எடுத்துப் போனேன். பனிமூட்டம். துறைமுகத்தார் மட்டும் வந்திருந்தார். அங்குமிங்கும் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் கொடுக்கிறீர்களா?" என்றார்.

கொடுத்தேன். ஓரக்கண்ணால் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது: விர்ரென்று ஒரு கோடு, இரண்டாவது மிதவையைத் தாண்டி, அப்புறம் நாணல் முறியும் ஓசை.

"கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"பந்தை எடுங்கள்" என்றார்.